ஏழெட்டு ஐம்பத்துநாலு

பிரித்துக்கொண்டபோது
வறுக்கும் இயந்திரம் எஸ்தருக்கு,
கடைப் பெயரும் அவளுக்கு,
வண்டி எனக்கு.
அறுபத்துநாலாம் வருஷத்து வில்லீஸ் பிக்கப்,
முகம் இரும்பு, முதுகு மரம்.
கோரிமேட்டுத் தகரக் கொட்டகைக்குள் தள்ளிவிட்டு
ஒரு மழைக்காலம் முழுக்க
அந்தப் பக்கமே போகவில்லை.

சித்திரையில்தான் கை வைத்தேன்.
ஒன்பது பலகை, இடையிடையே இரும்புப் பட்டை,
நாற்பத்திரண்டு போல்ட்.
பாதி, திருகியதும் வந்துவிட்டன.
மீதிக்கு மண்ணெண்ணெய் விட்டு ஓர் இரவு காத்திருந்தேன்.
அதற்கும் மசியாத ஆறுக்கு
செவ்வாய்ப்பேட்டையிலிருந்து முனாஃப் வந்தார்
கட்டிங் சக்கரத்தோடு.
பொறி பறக்கும் சத்தத்துக்கு மேல் கத்திக் கேட்டார்:
"இதை வித்துட்டு ஒரு தோஸ்த் வாங்கலாமே?"
போல்ட் தலைகள் ஒவ்வொன்றாய் உருண்டன.
காது கேட்காததுபோல் நின்றேன்.

பெயிண்ட் உரிக்கும் மருந்து தோலையும் உரிக்கும்.
மேலே பச்சை. எங்கள் பச்சை.
ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவருமாய் அடித்தது,
அவள் பக்கம் மட்டும் வழிந்து காய்ந்திருக்கிறது.
அதன் கீழ் எஸ்டேட்காரர்களின் சாம்பல்,
அதற்கும் கீழ் யாருடையதோ காவி,
பிறகு தேக்கு.
இடுக்கில் நாலு காப்பிக்கொட்டை, கல்லாகிப்போனவை,
சதுர ஐந்து பைசா ஒன்று,
ஒரே ஒரு மிளகு.

மிளகுதான் எங்களைப் பிரித்தது.
"ஏழெட்டு மூட்டை ஏத்தினோம்" என்பாள் எஸ்தர்.
ஏழா, எட்டா என்பேன்.
ஏழெட்டுன்னா ஏழெட்டுதான் என்பாள்.
என் நோட்டில் எட்டு.
ஈரோட்டில் இறங்கியது ஆறு.
வளைவில் தார்ப்பாய் அவிழ்ந்ததா,
ஏற்றும்போதே எண்ணவில்லையா,
அல்லது
அந்த அல்லதுவை இருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.
சொல்லியிருந்தால் சண்டையோடு போயிருக்கும்.

எண்பது நம்பர் உப்புத்தாள், பிறகு நூற்றிருபது.
மெஷின் பிடித்த கை
ராத்திரி சோற்றையும் நடுங்கியபடியே பிசைந்தது.
ஆறாவது பலகையில்
பச்சைக்குக் கீழே வேறு நிறமே இல்லை.
மஞ்சளாய் நேராக மரம். பலா.
ஓரத்தில் வட்டமாய் ஓர் ஓட்டை,
கார்க் அடைத்திருந்தது.
புரட்டினேன். சேறு காய்ந்திருந்தது, துடைத்தேன்.
ஓட்டையைச் சுற்றி மைக்கறை.
காம்பஸ் முனையால் கீறிய எழுத்து:
சி. தங்கப்பொண்ணு, ஐந்தாம் வகுப்பு.
பக்கத்தில் ஏழாம் வாய்ப்பாடு.
நாற்பத்தொன்பது வரை பிசகில்லை.
ஏழெட்டு ஐம்பத்துநாலு.
அடுத்த வரி அறுபத்துமூன்று, சரியாகவே இருக்கிறது.
நடுவில் ஒரு இரண்டு
எங்கேயோ போய்விட்டுத் திரும்பியிருக்கிறது.

மெஷினை ஆஃப் செய்தேன்.
வாசலில் நின்றால் மலை தெரியும்,
மேக்னசைட் புழுதிக்குப் பின்னால், பாதி.
ஏழு மாதம் கழித்து
அவள் எண்ணுக்கு ஒரு படம் அனுப்பினேன்.
நலமா என்றுகூடக் கேட்காமல், வெறும் படம்.

இருட்டிய பிறகு வந்தது:
"நாகலூர் ஸ்கூல் பெஞ்சு.
நீ ஊருக்குப் போயிருந்தப்ப
பதினாலாவது வளைவுல பலகை உடைஞ்சு போச்சு.
நான்தான் வாங்கிப் போட்டேன்.
முந்நூறு. கணக்குல எழுதல."
கொஞ்ச நேரம் கழித்து:
"மேல் பக்கம் மட்டும் தேய்."

மேல் பக்கம் மட்டும் தேய்த்தேன்.
வாய்ப்பாடு பழையபடி கீழே, ரோட்டைப் பார்த்தபடி.
ஆளிவிதை எண்ணெயைப் பனியன் துணியில் தொட்டு இழுத்தால்
தேக்கு யோசித்து யோசித்துக் குடிக்கிறது,
பலா மடக்மடக்கென்று.
கார்க்கைத் திரும்ப அடைக்கவில்லை,
மழைத்தண்ணீர் வடிய ஒரு வழி வேண்டுமே.

கை கழுவத் தோன்றாமல்
பழைய நோட்டைத் தேடி எடுத்தேன்.
முந்நூறை வரவில் எழுதுவதா, பற்றிலா?
யோசித்துக்கொண்டிருந்தபோதே
கட்டைவிரல் எண்ணெய் தாளில் இறங்கி
அந்த இடத்தில் மட்டும்
பின்பக்கத்து எண்கள்
தலைகீழாய்த் தெரிய ஆரம்பித்தன.